முக்காட்டுப்பாறையின் அடிவயிறு

முக்காட்டுப்பாறைக்குக் கால் இல்லை என்பது புன்னைத்துறைக்குத் தெரியவந்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். கடற்கரையில் சாளை மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா தன் படகை மணலில் ஏற்றிவிட்டு, நனைந்த தலையும் முதுகில் காற்றுச் சிலிண்டருமாக நேரே ஏலக் கூட்டத்துக்குள் வந்து, "பாறை தரையில நிக்கல, சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு" என்று சொன்னாள். மீன்காரி வியாகுலம் அதைக் காதில் வாங்கிக்கொண்டே தன் ஏலத்தை முடித்து, கூடையில் சாளையை அள்ளிப் போட்டு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "எவ்வளவு உசரத்துல?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளு குனியாம நடந்து போற உசரம்."

"நீ உள்ள போனியா?"

"போயிட்டுத்தான் வாரேன்."

வியாகுலம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். போகிற வழியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடமும், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களிடமும், பஸ்ஸுக்கு நின்றவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டே போனாள். மத்தியானச் சோறு வடிக்கும் நேரத்துக்குள் ஊரில் அதை அறியாதவர் இல்லை. நம்பாதவரும் இல்லை, ஏனென்றால் ஜெசிந்தா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல.

முக்காட்டுப்பாறை ஒரு சின்னத் தீவு. ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காடு போட்டு, கடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் போல வளைகுடாவின் வாயில் அது இருந்தது. ஆனி ஆடியில் எழுந்துவரும் பெரிய அலைகளை எல்லாம் அவள்தான் முன்னால் வாங்கிக்கொள்வாள், மிச்சம் நுரையாகத்தான் கரைக்கு வரும். அதன் உச்சியில் தாழம்புதர்களும், கடற்காக்கைகளின் வெள்ளை எச்சமும், அரசாங்கம் கட்டிவைத்த ஒரு விளக்குக் கூண்டும், அந்த விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு மனிதனும் உண்டு. அந்த மனிதன் கஸ்பார், ஜெசிந்தாவின் கணவன்.

இருவரும் முன்னால் ஒன்றாகக் கடலுக்குள் போனவர்கள். கஸ்பார் சங்கு குளித்துப் பழகியவன். சிலிண்டர் கட்டி முங்கக் கற்றுக்கொண்டு வந்து அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சுற்றிப் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்குப் பாறையைச் சுற்றிலும் இருக்கும் பவளத்தையும் கிளிமீன் கூட்டத்தையும் காட்டி இருவரும் பிழைத்தார்கள். ஒருநாள் சளியோடு முங்கினவன், கீழே மிரண்டுபோன ஒரு விருந்தாளியைப் பிடிக்க அவசரமாக ஆழத்துக்குப் பாய்ந்தான். காது அடைத்ததைப் பொருட்படுத்தவில்லை. இடது காதின் சவ்வு கிழிந்து, மேலும் கீழும் தெரியாமல் தண்ணீருக்குள் பம்பரமாகச் சுழன்றவனை ஜெசிந்தாதான் மேலே கொண்டுவந்தாள். இனி ஒருபோதும் முங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் அவன் படகில் காவல் இருந்தான். அவள் விடும் மூச்சு குமிழ்குமிழாக மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனால் பிறகு அதைப் பார்க்க முடியவில்லை. "நீயும் விட்டுரு" என்றான். "உமக்குத்தான காது போச்சு, எனக்குப் போகலையே" என்று அவள் சொன்னாள். சொன்ன வாய் மூடும் முன்பே அது சொல்லக்கூடாத சொல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் விளக்கு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. காலையில் அவள் சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டிப் பாறையின் கீழே வைப்பாள். மேலிருந்து கயிறு இறங்கிவரும், சட்டி ஏறிப்போகும். முந்தின நாளின் சட்டி கழுவித் துடைத்து இறங்கிவரும். பேச்சு மட்டும் இறங்கவே இல்லை. அவள் அவன் காலடிக்குக் கீழே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நீந்துவாள், அவன் விளக்கின் அருகே நின்று வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு களவா மீனைப் பின்தொடர்ந்து போனாள். பெரிய மீன், கிழட்டு மீன். பாறையை நோக்கிப் போன அது முட்டித் திரும்பும் என்று அவள் நினைத்த இடத்தில் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தது. அவளும் போனாள். தலைக்கு மேல் இருட்டு வந்து மூடியது. மணலை ஒட்டியே முன்னால் நகர்ந்தவள் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, நாலாபக்கமும், மூடிய கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சக் கோடு போல, நீலம் ஒரு வளையமாக அவளைச் சுற்றி நின்றது. அவ்வளவு பெரிய கல் எதிலும் ஊன்றாமல், எதிலும் சாயாமல், அவளுக்கு மேலே இருந்தது. அவள் மணலில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள், பிறகு எழுந்து கையை உயர்த்தி அதைத் தொட்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற பசுவின் விலாவில் கைவைத்தாற்போல உள்ளே ஏதோ மெல்ல அதிர்ந்தது. மாஸ்க்குக்குள் அவள் கண்ணீர் நிறைந்தது. மூக்கால் ஊதி அதை வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் பார்த்தாள். பயம் வரவில்லை. இதன் மேல்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார் என்ற நினைப்புத்தான் வந்தது.

ஊர் அதைப் பார்க்க ஆசைப்பட்டது. முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்திராத பெண்கள்கூட ஜெசிந்தாவின் வாசலில் வந்து நின்றார்கள். அவளும் அவளோடு வேலை செய்யும் ரீகனும் சேர்ந்து, அலையில்லாத கழிமுகத்தில் அவர்களை இடுப்பளவு தண்ணீரில் உட்காரவைத்து, மூச்சுக் குழாயின் ரெகுலேட்டரைப் பல்லால் கடிக்கவும், மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை நீக்கவும், பதறாமல் மூச்சு விடவும் பழக்கினார்கள். நைட்டியின் மேல் ரப்பர் உடுப்பு போட்டவர்களும், கழுத்துச் செபமாலையைக் கழற்ற மறுத்தவர்களும், வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச்சொன்னதற்குக் கோபித்துக்கொண்டவர்களும் ஒவ்வொருவராக, ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாறையின் அடிக்குப் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வீடுகளில் உலை தாமதமாக வைக்கப்பட்டது, யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பங்குச்சாமி ஹிலாரியுஸ் போய்விட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்க நேரத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் வெகுநேரம் நின்று, "நான் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். நகரத்துக் கல்லூரியிலிருந்து கருவிகளோடு வந்தவர்கள் கீழே போய்விட்டு வந்து, படகில் உட்கார்ந்து, டீ கிடைக்குமா என்று கேட்டார்கள். அடுத்த வாரம் அவர்கள் கருவிகள் இல்லாமல் வந்தார்கள்.

மெல்ல மெல்ல அதற்கென்று வழக்கங்கள் ஏற்பட்டன. பாறையின் விளிம்பு வந்ததும் நீந்துவதற்குக் காலில் மாட்டிய ரப்பர் ஃபின்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது என்று யாரோ தொடங்கிவைக்க, எல்லாரும் அப்படியே செய்தார்கள். எல்லைத் தகராறில் பேச்சை விட்டிருந்த அண்ணன் தம்பிகளை வியாகுலம் வேண்டுமென்றே ஒரே நாளில் அனுப்பிவைத்தாள். வாயில் ரெகுலேட்டர் இருந்ததால் ஏச முடியாமல், இருவரும் அருகருகே படுத்து மேலே பார்த்துவிட்டு, ஒரே படகில் கரைக்கு வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், பாறைக்கடியில் போயிருக்கிறாளா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

போகாதவன் கஸ்பார் ஒருவன்தான். ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் மேலே ஏறிப்போய் அவனிடம் விவரத்தைச் சொன்னபோது அவன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என் காலுக்குக் கீழ என்ன இருந்தா எனக்கென்ன அண்ணாச்சி" என்றான். பெர்க்மான்ஸ் இறங்கிவந்து அதை ஜெசிந்தாவிடம் சொன்னார். மறுநாள் சோற்றுச் சட்டியோடு கொஞ்சம் களவா மீன் குழம்பும் வைத்தாள்.

ஈஸ்டர் கழிந்த பிறகு பாறை உயரத் தொடங்கியது. ஒரு ஆள் உயரமாக இருந்த இடைவெளி இரண்டு ஆளானது, மூன்றானது. எப்போதும் தண்ணீருக்குள் கிடந்த சிப்பிப் படலம் வெயிலுக்கு வந்து காய்ந்து உதிர்ந்தது. பாறையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து மீன் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்களுக்குக் குறி தப்பியது. பிறகு, பாறையில் மோதி உடைய வேண்டிய அலைகள் அதன் அடியில் நுழைந்து உடையாமலே கரைக்கு வந்தன. ஒரு பௌர்ணமி அன்று காலையில் வியாகுலத்தின் அடுப்படிக்குள் கடல் வந்து, சாம்பலை அள்ளிக்கொண்டு போனது.

கமிட்டி கூடியது. கட்டிப்போட வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்த படகுகளின் நங்கூரங்கள் எல்லாம் கழற்றப்பட்டன. சின்ன வள்ளங்களின் கல் நங்கூரங்களைக்கூட விடவில்லை. ஜெசிந்தாவும் ரீகனும் தடித்த கயிறுகளைப் பாறையின் மேல்விளிம்பில் சுற்றி இறக்கி, கடலடியில் நங்கூரங்களோடு பிணைத்தார்கள். பாறை நின்றது. ஊர் ஆறுதலாக மூச்சு விட்டது. ஆனால் நங்கூரமில்லாத படகில் யாரும் தொழிலுக்குப் போக முடியாது. வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஏலம் நின்றது. முதலில் கருவாடும், பிறகு கருவாட்டுக் குழம்பும், பிறகு வெறும் குழம்பும் ஆனது சாப்பாடு. சந்தைக்குப் போகாத வியாகுலம் வாசலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா தினமும் முங்கிக் கயிறுகளைப் பார்த்துவந்தாள். அவை வீணைத் தந்தியைப் போல விறைத்திருந்தன. பாறையின் அடிவயிற்றில் அவள் கைவைத்தபோது பழைய அதிர்வு இல்லை. கழுத்தில் கயிறு இறுகிய கன்று போல அது வெட்டி வெட்டி இழுத்தது. மெல்லிய விரிசல் ஒன்று அடியில் ஓடக் கண்டாள். அன்று அவள் மேலே வந்து படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியபோது, மேலிருந்து ஒரு குரல் கேட்டது. அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

"ஜெசி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கஸ்பார் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. இவ்வளவு நாளும் தூரத்திலிருந்தே பார்த்ததால் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"விளக்குக் கூண்டு சுவரு விரியுது" என்றான்.

"இறங்கி வாரும்."

"விளக்கை யாரு போடுவா?"

தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் தன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"கீழ எப்படி இருக்கு?"

அவள் சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நீல வளையமும், வெதுவெதுப்பும், மணலில் மல்லாந்து கிடக்கும்போது நெஞ்சில் வந்து நிறைகிறதும், எதுவும் வார்த்தையில் ஏறவில்லை. "எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். "ஆனா அதுக்கு நோவுது. அது மட்டும் தெரியுது."

"எனக்கும் தெரியுது" என்றான் அவன். "ராவெல்லாம் கால்ல தெரியுது. இழுத்துக் கட்டினா உடைஞ்சிரும் ஜெசி. ஊருல போயிச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் பந்தலில் எல்லாரும் உட்கார்ந்தபோது அவள் சொன்னாள். பெர்க்மான்ஸ் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஊரைப் பற்றிய கவலை அவருக்கு இருந்தது. "அவுத்துவிட்டா ஆடி மாசம் முன்வரிசை வீடு ஒண்ணும் மிஞ்சாது" என்றார். "என் வீடும் அதுலதான் இருக்கு. பாறை உடையும்னு சொல்லுதா. உடைஞ்சாலும் கல்லு கல்லாத்தானே கிடக்கும். அலைய அது தடுக்கும்ல?" பலர் தலையாட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தலையாட்டினவர்கள் யாரும் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாகுலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். "முதல்ல தண்ணி வந்தது என் அடுப்படிக்கு. அதனால நான் பேசலாம். என் வீடு ஓலையும் மண்ணும். அதைத் தூக்கிக் கோயிலுக்குப் பின்னால வச்சுக்கிடுவேன், பங்குச்சாமி இடம் தருவாரு. பெர்க்மான்ஸு வீடு சிமெண்டு, அதுக்கு ஊரே கைகொடுக்கட்டும். நான் அதுக்கு அடியில போயிப் படுத்திருக்கேன். நீங்களும் படுத்திருக்கீக. படுத்துப் பார்த்துட்டு வந்து, உடைஞ்சா உடையட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவ்வளவுதான் அவள் பேசியது. பெர்க்மான்ஸ் நின்றுகொண்டே இருந்தார். தன் வீடு இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "அவுத்துருவோம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுக்கப் படகுகளில் வந்து, பாறையைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி, துடுப்புப் போட்டபடியே நின்றது. கஸ்பாரை இறங்கச் சொன்னார்கள். அவன் இறங்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். "இருக்கட்டும், அவருக்கு அதைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கமாகக் கடலில் விழுந்தாள்.

ரீகன் ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாகக் கயிறுகளை அறுத்துக்கொண்டே போனார்கள். அறுபட்ட ஒவ்வொரு கயிறும் பாம்பைப் போலச் சுருண்டு மேலே பாய்ந்தது. கடைசிக் கயிற்றுக்கு முன்னால் அவள் ரீகனை விலகிப் போகச் சொல்லிக் கைகாட்டினாள். தனியாக நின்று, ஒரு கையைப் பாறையில் வைத்துக்கொண்டு, மறுகையால் கத்தியை ஓட்டினாள். கயிறு விட்டது. உள்ளங்கையில் அந்தப் பழைய, நிதானமான அதிர்வு திரும்பி வந்ததை அவள் உணர்ந்தாள். பிறகு கல் அவள் கையை விட்டு விலகியது. விலகி, விலகி, மேலே போனது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கடல் நாலாபக்கமிருந்தும் வந்து அவளைச் சுழற்றித் தூக்கியது. அவள் மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே, குமிழ்களோடு குமிழாக மேலே வந்தாள்.

மேலே மழை பெய்துகொண்டிருந்தது. வெயிலில் பெய்த உப்பு மழை. முக்காட்டுப்பாறை தண்ணீரை விட்டு முழுசாக வெளியே வந்து, பாசியும் கடற்பஞ்சும் தோரணமாகத் தொங்க, நண்டுகளையும் சிப்பிகளையும் சொரிந்துகொண்டு, காலமெல்லாம் தன்னில் ஊறியிருந்த கடலைச் சொட்டுச் சொட்டாக ஊரின் தலையில் விட்டுக்கொண்டு, ஏறிப்போய், ஒரு தென்னை உயரத்தில் நின்றது. துடுப்புப் போடுகிறவர்கள் துடுப்புப் போட்டார்கள். பெர்க்மான்ஸ் முகத்தில் விழுந்த தண்ணீரைத் துடைக்காமல் அண்ணாந்திருந்தார். பங்குச்சாமி முழங்காலில் நின்றார். வியாகுலம் தன் கூடையை ஏந்திப் பிடித்திருந்தாள். அதற்குள் இரண்டு நண்டுகள் விழுந்து ஓடிக்கொண்டிருந்தன.

மேலிருந்து ஒரு கயிற்றேணி விழுந்து விரிந்தது. கஸ்பார் அதில் இறங்கி வந்தான். காது சரியில்லாதவன் காற்றில் ஆடும் ஏணியில் இறங்குவதைப் பார்க்க முடியாமல் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெசிந்தா தன் படகை அவன் காலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் தடுமாறி இறங்கினான், அவள் தோளைப் பிடித்து நின்றான், பிறகு பலகையில் மல்லாந்து படுத்தான். அவள் படகைப் பாறையின் நடுவயிற்றுக்குக் கீழே செலுத்தினாள். நீலம் அவர்களைச் சுற்றி வளையமாக நின்றது. இப்போது அது வானத்தின் நீலம்.

அவன், "இதுக்கு மேலயா நான் தூங்கினேன்" என்றான்.

"ஆமா."

"இதையா நீ தினமும் பார்த்துக்கிட்டு இருந்த?"

"தினமும்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"முந்தி நீரு கேக்கவே இல்லையே, கேட்டப்ப எனக்குச் சொல்ல வரல" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்ததால், அதையும் சொன்னாள். "அன்னைக்குக் காதைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

"இந்தக் காதுலதான் விழுந்துச்சு" என்று கஸ்பார் இடது காதைத் தொட்டுக் காட்டினான். "இதுல விழுந்தது வெளிய போகல. இன்னைக்குத்தான் போச்சு." ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் ஊருக்குத் தெரியும். ஆடிக்கு முன்னால் முன்வரிசை வீடுகளை எல்லாரும் சேர்ந்து பிரித்துக் கோயிலுக்குப் பின்னால் கட்டினார்கள். பெர்க்மான்ஸின் வீட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை, அவர் கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு வந்தார், சுவரை அலை வந்து எடுத்துக்கொண்டது, அவர் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாறையின் நிழலில் மீன் கூடியது. தூரத்துக் கப்பல்களுக்கு விளக்கு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. கஸ்பார் சாயங்காலம் ஏணியில் ஏறி அதைப் போட்டுவிட்டு, காலையில் அணைத்துவிட்டு இறங்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். பாறை பிறகு உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அது ஏன் எழுந்தது, ஏன் அங்கேயே நின்றது என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள்.

ஒருநாள் காலையில், வெயில் சாய்வாகப் பாறைக்கடியில் நுழைந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, கஸ்பார் படகிலிருந்து எட்டிப் பார்த்து, "அது இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டான். உலகம் உண்டான நாளிலிருந்து வெயில் படாத மணல் அது.

"பார்த்துட்டு வந்து சொல்லுதேன்" என்றாள் ஜெசிந்தா.

"இதைக் கட்டிக்க" என்று அவன் ஒரு மெல்லிய கயிற்றை நீட்டினான். சிலிண்டர் கட்டி முங்குகிறவளுக்குச் சங்கு குளிக்கிறவர்களின் கயிறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கீழே மணல் வெள்ளையாக இருந்தது. அப்படி ஒரு வெள்ளையை அவள் எங்கேயும் கண்டதில்லை. கண்ணாடி போல உள்ளுறுப்பெல்லாம் தெரியும் சின்னச் சின்ன இறால்கள் வெளிச்சம் என்றால் என்னவென்று அறியாமல் அதற்குள் வந்து வந்து நின்று பார்த்தன. விரல்நகம் அளவுக்குப் பவளம் ஒன்று, அப்போதுதான் பிடித்தது, இளஞ்சிவப்பாக ஒரு கல்லில் ஒட்டியிருந்தது. அவள் அதன் அருகே முழங்காலில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடுப்பில் கயிறு மெல்ல ஒருமுறை இழுபட்டது. ஏதும் ஆபத்தோ என்று அவள் உடனே மேலே வந்து, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, "என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் கஸ்பார், கயிற்றைக் கையில் பிடித்தபடி. "இருக்கியான்னு பார்த்தேன்."